ஊர் விசாரிக்கும் பேய்கள்

அடுத்த ஞாயிறும் பனிக்கரடிதான் வருமென்றால் தான் இனி விளையாட வரப்போவதில்லை என்று ஜெசிதா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மயூரதனுக்கு அந்தக் கிழமை முழுக்கச் சோறு இறங்கவில்லை. சுதாகரன் போனால் போகட்டும், தர்சிகா போனால் வேறு ஆள் பிடிக்கலாம். ஜெசிதா போனால் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லை. இதை அவளிடம் சொல்லும் துணிவு மட்டும் அவனுக்குக் கிடையாது.

விளையாட்டு இதுதான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் மயூரதனின் வாடகை அறையில் நாலு பேரும் கூடுவார்கள். அவன் கதை சொல்லுவான். மற்ற மூவரும் ஆளுக்கொரு வீரராக அந்தக் கதைக்குள் நடப்பார்கள். வழியில் என்ன எதிர்ப்படும் என்பதை அவன் சொல்ல முடியாது. மடிக்கணினி பகடை உருட்டும். விழுகிற எண்ணுக்கு அட்டவணையில் எந்த வரி இருக்கிறதோ அதுதான் நடக்கும். அந்த அட்டவணையை எழுதியவன் எந்தக் குளிர் நாட்டுக்காரனோ, எண்ணுக்கு எண் பனிதான். கடலோர மீனவர் ஊரான குருநகரிலிருந்து கொளுத்துகிற வெயிலில் ஸ்கூட்டி ஓட்டி வருகிறவளைப் பனிக்கரடி துரத்தினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

ஆகவே அட்டவணையைத் திருத்தித் தரும் ஏஐ ஒன்றை மயூரதன் பிடித்தான். கரடியை எடு, பனங்காட்டுப் பேயைப் போடு என்று தமிழில் எழுதினால் அதுவே வரி வரியாக மாற்றிவிடும். அவனுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. வழியில் வருகிற பேய் பிசாசெல்லாம் எங்கடை ஆட்களைப் போலவே நடக்க வேண்டும், முதலில் எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று விசாரிக்க வேண்டும், சொந்தம் பிடிபட்டால் அடிக்கக் கூடாது என்று எழுதினான். எந்தெந்த ஊர்கள் என்று அது கேட்டது. உரும்பிராயில் பிறந்த பிள்ளை, உரும்பிராயில் தொடங்கி கோப்பாய், நீர்வேலி, கோண்டாவில், இணுவில் என்று தனக்குச் சொந்தக்காரர் உள்ள ஊர்களை எல்லாம் ஒப்புவித்தான். வேறு ஊர் உண்டா என்று அது மறுபடியும் கேட்டது. காணும், இவ்வளவு போதும் என்றான். கடைசியில் அது காட்டிய திருத்தத்தை உலகத்தார் எல்லாரையும் போல வாசிக்காமலே ஏற்றுக்கொண்டான்.

ஞாயிறு பின்னேரம் முதல் பேய் வந்தது. சுதாகரனின் வீரன் வாளில் கை வைக்கவும் அது, "தம்பி எந்த ஊர்?" என்றது. கோப்பாய் என்றான். கோப்பாயில் யாருடைய பெடியன் என்று கேட்டு, அவன் பெரியம்மா வழியில் ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்து, பேய் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தது. அறை சிரிப்பில் அதிர்ந்தது. அடுத்து வந்த மூன்று தலை நாகம் தர்சிகாவை விசாரித்தது. இணுவில் என்றதும் ஒரு தலை தாய் வழியிலும் ஒரு தலை தகப்பன் வழியிலும் உறவு கொண்டாட, மூன்றாவது தலை அவளுக்குக் கலியாணம் பேசத் தொடங்கியது. ஜெசிதா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மயூரதன் வானத்தில் மிதந்தான்.

பிறகு ஜெசிதாவின் முறை வந்தது. குருநகர் என்றாள். திரையில் ஒரே வரி எழுந்தது: எங்கடை ஆள் இல்லை, உடனே தாக்கு.

எல்லாரும் சிரித்தார்கள், அவளுந்தான். அடுத்த பேயும் அவளை மட்டும் அடித்தது. அதற்கடுத்ததும் அடித்தது. மற்ற இருவரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க, அவளுடைய வீராங்கனை ஒற்றை ஆளாய் நின்று சண்டை பிடித்தாள். சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. கோண்டாவில் என்று சொல்லிவிட்டுப் போகலாமே, பேய் என்ன அடையாள அட்டையா கேட்கப்போகிறது என்றான் சுதாகரன்.

ஜெசிதா தோள்பையை எடுத்து மடியில் வைத்தாள்.

"பேயிட்டையும் நான் ஊரை மாத்திச் சொல்லோணுமே?"

மயூரதனுக்குக் காது சுட்டது. எங்கடை ஆட்கள் என்று தான் எழுதியபோது அவள் முகம் ஒரு கணமாவது நினைவில் வந்ததா என்று யோசித்தான். வரவில்லை. அவளுக்காகவே செய்த வேலையில் அவளையே மறந்திருந்தான். வெட்கம் தின்றது. அவசர அவசரமாகக் குருநகரைச் சேர்க்கச் சொல்லி எழுதினான். ஏஐ நொடியில் சேர்த்துவிட்டு, இனிக் குருநகரும் சொந்தம் என்று மகிழ்ச்சியோடு அறிவித்தது.

"எனக்குச் சொந்தம் வேண்டாம். நீர் அந்தக் கேள்வியை எடும்," என்றாள் ஜெசிதா.

கேள்வியை நீக்கினால் இனி யாரும் யாரையும் தாக்கலாம், நீக்கட்டுமா என்று ஏஐ கேட்டது. சுதாகரன் வேண்டாமென்று கை காட்டினான். மயூரதன் இந்த முறை ஒவ்வொரு சொல்லாக வாசித்துவிட்டு, ஓம் என்று எழுதினான்.

பகடை உருண்டது. மூன்று தலை நாகமே திரும்பி வந்தது. ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. ஒரு தலை சுதாகரனைத் தூக்கி அடித்தது. இன்னொன்று, கலியாணம் பேசிய அதே தலை, தர்சிகாவைக் கடித்தது. பின்னேரம் முழுக்கத் தேத்தண்ணி குடித்த இருவருக்கும் வாளை எந்தப் பக்கம் பிடிப்பதென்றே தெரியவில்லை. அந்த அறையில் சண்டை பிடிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள்.

ஜெசிதா பையைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு பேரும் எனக்குப் பின்னாலை வாங்கோ," என்றாள்.

கோப்பாயும் இணுவிலும் ஓடிப்போய்க் குருநகருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன.