சத்தம் பழுதில்லை

தையல்காரம்மாவுக்கு அந்தப் பிரம்பு நாற்காலி போடும் கிரீச் சத்தம்தான் காவல்காரன். அவள் உள்ளறையில் மிஷினை மிதித்துக்கொண்டிருப்பாள். கூடத்தில் அவள் வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், நாற்காலியை விட்டு எழுந்தால் கிரீச். எழுந்தால் அவர் போகிற இடம் ஒன்றுதான், சமையலறைச் சர்க்கரை டப்பா. டாக்டர் தொடவே கூடாது என்றிருந்தார். "என்னங்க, எங்க கிளம்பிட்டீங்க?" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால் மனுஷன் மறுபடி உட்கார்ந்துவிடுவார்.

அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம் கண்டுவிட்டது, கண்ணுகளா. கால் சரியாகணும், சத்தம் மட்டும் போய்விடக் கூடாது. அதுதான் அவள் கவலை. அவருக்கோ நேர்மாறு.

பழுதுபார்க்கும் நிலையத்துக்குக் கொண்டுபோகலாம் என்றாள். "நடு வழியில இறங்குற பழக்கம் எனக்கில்ல" என்று அவர் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. நாற்காலியோடு சேர்த்துத்தான் லோடு ஆட்டோவில் ஏற்றினார்கள்.

நிலையத்தில் நாலு ஜன்னல். பழுதுபார்த்தல், சீரமைத்தல், புதுப்பித்தல், மீட்டெடுத்தல். நாற்காலியும் அவருமாகத் தூக்கித் தராசில் வைத்து, எழுபத்தொன்பது கிலோ, ஒரு உருப்படி என்று எழுதினார் குமாஸ்தா.

"என்னங்க இது, அவர் என் வீட்டுக்காரர்."

"வந்தபடிதாம்மா பதிவு. பிரிச்சு எழுத இதுல கட்டம் இல்ல."

அவள் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அவர் படிவத்தைப் பிடுங்கி, புதுப்பித்தலில் டிக் அடித்துவிட்டார். குமாஸ்தா முத்திரை குத்தினார்.

"கால் ஒண்ணுதாங்க ஆடுது. கிழிசலைத் தைக்கச் சொன்னா புதுச் சட்டையா குடுப்பாங்க?"

"அதுக்குத்தானேம்மா நாலு ஜன்னல். பழுதுபார்த்தல்னா கெட்டதை மட்டும் தொடுவோம். சீரமைத்தல்னா கெடாததையும் சேத்து ஒழுங்குபண்ணுவோம். புதுப்பித்தல்ல பழசுன்னு எதுவும் மிஞ்சாது. போன வாரம் ஒருத்தர் ஸ்டூலோட வந்தார். பளபளன்னு அனுப்பினோம். வீட்டுக்குப் போய்ப் பொண்டாட்டியைப் பாத்து, நீங்க யாருன்னாராம். ரெண்டு வருஷம் உத்தரவாதம்."

"அந்த மீட்டெடுத்தல்?"

"செஞ்ச அன்னிக்கு இருந்த நிலைக்கே கொண்டுபோயிடுவோம். தொட்டில் நீங்க கொண்டு வரணும்."

அவர் தராசில் இருந்தபடியே கன்னத்தைத் தடவினார். "பல்லெல்லாம் புதுசா வருமா?"

"முப்பத்திரண்டும்."

"அப்ப நான்?" என்றாள் அவள்.

"நீயும் மடியில வந்து உக்காரேன். ஒரே டோக்கன்தானே."

"உங்களுக்கு என்னையும் தெரியாது, எனக்கு உங்களையும் தெரியாதுன்னா, வீட்டுக்குப் போய் யாரு யாரைத் திட்டுறது?"

அது அவருக்கு உறைத்தது. ஆனாலும் டிக் அடித்த வீம்பு விடுமா? கைப்பிடிகளை இறுக்கிக்கொண்டார். தூக்கிப் போக இரண்டு ஆட்களும் வந்துவிட்டார்கள்.

"ரத்துபண்ண வழியே இல்லையா தம்பி?"

"எடை குறைஞ்சா செல்லாதும்மா. வந்த உருப்படி இது இல்லன்னு ஆயிடும்."

குமாஸ்தாவின் டீத் தட்டில் ஒரு சர்க்கரைக் கிண்ணம் இருந்தது. தையல்காரம்மா அதை எடுத்துக்கொண்டு கோடியில் இருந்த பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தாள். அவர் பக்கம் திரும்பவே இல்லை. கரண்டியால் கிண்ணத்தை மெள்ள இரண்டு தட்டுத் தட்டினாள்.

கிரீச்.

நிலையமே திரும்பிப் பார்த்தது. தராசு முள் ஏழில் வந்து நின்றது. குமாஸ்தா படிவத்தைக் கிழித்துப் போட்டார்.

பக்கத்தில் வந்து நின்றவருக்கு அரைக் கரண்டி கொடுத்தாள். "இன்னிக்கு மட்டும்." பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புதுப் படிவத்தில் பழுதுபார்த்தலுக்கு டிக் அடித்தாள். அடியில், "சத்தம் பழுதில்லை, அதைத் தொடக் கூடாது" என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். கால் மணி நேரத்தில் நாற்காலிக் காலை முடுக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவள் மிஷினில் உட்கார்ந்து நூல் கோத்திருக்க மாட்டாள், கூடத்தில் கிரீச்.

"என்னங்க, எந்த ஸ்டாப்பு?"

"சும்மா காலை நீட்டினேன்" என்றார், முன்பல் இரண்டு இல்லாத வாயால். மறுபடியும் ஒரு கிரீச். உட்கார்ந்துவிட்டார்.