கிராடாக் செய்த தகவல் இயந்திரம்

எண்பதுகளில் கலிபோர்னியாவில் வெண்டல் கிராடாக் ஒரு கணினி நிறுவனம் நடத்தினார். தகவல்களைச் சேமித்துத் தேடித் தருவதற்கென்றே அங்கே செய்த இயந்திரம் பீரோ உயரம் இருந்தது. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து பெல்னாப் என்ற பெண்மணி அதைப் பார்க்க வந்த காலையில், அது ஓடவே மறுத்தது.

"பக்கத்து ரூம்ல இருக்கிற சாதாரண கம்ப்யூட்டர்ல இந்த ஸ்கிரீனோட கேபிளைச் சொருகிடு லோர்னா. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் கிராடாக். இயந்திரத்தை வடிவமைத்த லோர்னா பல்லைக் கடித்துக்கொண்டு சொருகினாள்.

பெல்னாப் கேட்ட பாலிசி விவரம் நொடியில் திரையில் வந்தது.

"வேற எந்தக் கம்ப்யூட்டராலயும் இது முடியாதுங்க!" என்று கிராடாக் இயந்திரத்தைத் தட்டிக்கொடுத்தார்.

பெல்னாப்பும் தொட்டுப் பார்த்தார். "என்னங்க, இப்படிச் சில்லுன்னு இருக்கு?"

"அதுதாங்க எங்க கூலிங் டெக்னாலஜி!"

லோர்னாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இது ஓடவே இல்லை மேடம். பதில் சொன்னது பக்கத்து ரூம் கம்ப்யூட்டர்."

பெல்னாப் பக்கத்து அறையை எட்டிப் பார்த்தார். "இந்த மாதிரி கம்ப்யூட்டர் எங்க ஆபீஸ்லயே கிடக்குதே!"

கிராடாக் அசரவில்லை. "அதுவே இவ்வளவு வேகம்னா, எங்க மெஷின் ஓடினா எப்படி இருக்கும்னு யோசிங்க!"

"ஓடினதும் கூப்பிடுங்க," என்று பெல்னாப் காரில் ஏறினார்.

அன்று மாலையே லோர்னாவின் வேலை போனது. நிறுவனத்தின் தொழில்நுட்ப ரகசியத்தை அவள் வெளியே சொல்லிவிட்டாளாம்.