இறங்கி நடந்த தெரு

ஆண்டிச்சாமியை ஊரில் யாராவது 'ஆண்டி' என்று கூப்பிட்டால் சண்டைக்குப் போவான். வெள்ளைக்காரர்கள் கூப்பிட்டால் மட்டும் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான். ஊர் பார்க்க வந்தவர்களுக்கு மதுரையைச் சைக்கிளில் சுற்றிக்காட்டுகிற வேலை அவனுக்கு. விடிந்ததும் மாசி வீதியில் ஆரம்பித்து, வைகைப் பாலம், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட், ஒத்தக்கடை தாண்டி வயல்காடு என்று கூட்டிப்போவான். வாய் சாமர்த்தியம் உண்டு. வழியில் எந்தக் கல்லைக் காட்டிக் கேட்டாலும் அதற்கு ஒரு கதை வைத்திருப்பான். அந்த வாய்தான் அவனைக் கெடுத்தது.

ஒரு சனிக்கிழமை, திருவாதவூர்ப் பக்கம் போகிற ரோட்டைக் குழாய் பதிக்க வெட்டிப் போட்டிருந்தார்கள். பின்னால் ஐந்து பேர் சைக்கிளோடு நிற்கிறார்கள். முதலாளி பால்பாண்டிக்குப் போன் போட்டான்.

"அண்ணே, ரோட்ட வெட்டிப் போட்டுருக்காய்ங்க. திரும்பிரட்டா?"

"வந்தவுக சும்மா இருப்பாகளா? உங்க ஊரு வழியா விடு மாப்ள. அங்கிட்டுப் போயி கம்மாக்கரையில ஏறிரலாம்ல?"

ஏறலாம்தான். ஆனால் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அவன் அந்த வழியைத் தொட்டதே இல்லை.

அந்த ஊரின் பேரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் "எங்க ஊர்ல அப்படியெல்லாம் இல்ல" என்று ஒரு கூட்டம் கிளம்பி வரும். சொல்லாமல் விட்டால் அவரவர் தங்கள் ஊரை நினைத்துக்கொள்வார்கள். அதுதான் நல்லது.

ஊருக்குள் நுழைந்ததும் பெரிய தெரு. ஆண்டிச்சாமியின் ஆட்கள் இருக்கிற காலனி அதற்கு அந்தப் பக்கம். முன்பெல்லாம் காலனிக்காரர்கள் பெரிய தெருவில் சைக்கிளில் ஏறிப் போகக்கூடாது. இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். தெருமுனை வந்ததும் அவன் அப்பா கருப்பையா ஒரு வார்த்தை பேசாமல் மகனைக் கேரியரிலிருந்து இறக்கிவிடுவார். பிறகு புகார், போலீஸ், கூட்டம் என்று எல்லாம் நடந்தது. இப்போது அங்கே யாரும் யாரையும் இறங்கச் சொல்வதில்லை. காலனிப் பையன்கள் பைக்கில் பறக்கிறார்கள். ஆனால் அதற்குள் ஆண்டிச்சாமி மதுரைக்குக் குடிபோய்விட்டான்.

முதல் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு சோலை உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் ஆட்களை இறங்கச் சொன்னவர். அன்று எதுவும் சொல்லவில்லை. பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார், அவ்வளவுதான். ஆண்டிச்சாமியின் கால் தானாகத் தரைக்கு வந்தது. செருப்பும் கைக்கு வந்துவிட்டது.

"என்ன ஆயிற்று, ஆண்டி?" என்று பின்னால் வந்தவர்கள் பிரேக்கைப் பிடித்தார்கள்.

செயின் கழன்றுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே! "இந்தத் தெருவில் ஒரு காவல் தெய்வம் குடியிருக்கிறது. அதற்கு மரியாதையாக இங்கே யாரும் சைக்கிளில் போகமாட்டார்கள், செருப்பும் போடமாட்டார்கள்" என்று இங்கிலீஷில் எடுத்துவிட்டான்.

ஐந்து பேரும் மளமளவென்று இறங்கிவிட்டார்கள். ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஹெல்மெட்டையும் எடுத்துவிட்டு, மூச்சு விடாமல் நடந்தார்கள். ஒருத்தர் சோலையைப் பார்த்துக் கும்பிடு வேறு போட்டார். சோலைக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"பரவால்லடா கருப்பையா மகனே. வெள்ளக்காரனயே எறக்கிட்டியே!"

"என்ன சொல்கிறார்?"

"உங்களை வாழ்த்துகிறார்" என்றான் ஆண்டிச்சாமி. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

அத்தோடு போயிருந்தால் தேவலை. வந்தவர்கள் ஊருக்குப் போய், அந்தத் தெருவில் நடந்ததைப் பற்றித்தான் இணையத்தில் உருகி உருகி எழுதினார்கள். பால்பாண்டிக்குத் தலைகால் புரியவில்லை.

"இம்புட்டு நல்ல விசயத்த இத்தன நாளா மறச்சு வச்சிருந்தியே மாப்ள! இனிமே சனிக்கெழம டூருன்னா அது உண்டு. 'மௌன நடை'ன்னு பேரே வச்சுட்டேன்."

அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் என்னவென்று சொல்வது? யாரும் இறங்கச் சொல்லவில்லை, நானே பயந்து இறங்கினேன் என்றா? அதைச் சொல்வதைவிட ஒவ்வொரு சனிக்கிழமையும் இறங்கி நடந்துவிடலாம் என்று தோன்றியது. "சரிண்ணே" என்றான்.

நடந்தான். வாராவாரம் புதுப்புது ஆட்கள், அதே பொய். சோலை சனிக்கிழமையானால் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் தயாராக உட்கார்ந்துவிடுவார். காவல் தெய்வத்துக்கு இதற்கு மேல் என்ன அலங்காரம் வேண்டும்!

அப்படி ஒரு சனிக்கிழமை எதிரே சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. அவன் அக்கா மகள் முத்துமீனா. பதினொன்றாம் வகுப்பு. கவர்மென்ட் கொடுத்த புதுச் சைக்கிள். ஸ்பெஷல் கிளாஸுக்கு நேரமாகிவிட்டது போல, பெரிய தெரு அதிர மணியடித்துக்கொண்டு வந்தாள். மாமனைப் பார்த்ததும் பிரேக் போட்டாள்.

"என்ன மாமா, பஞ்சரா?"

"இல்லத்தா. நீ போ."

அவள் போகவில்லை. அவன் கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள். சோலையின் நாற்காலியைப் பார்த்தாள். தாத்தா எப்படி நடந்தார் என்று அவளுக்கு அம்மா சொல்லியிருக்கிறாள். மெதுவாகச் சைக்கிளை விட்டு இறங்கினாள். குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

"ஏய், நீ எதுக்குத்தா எறங்குற?"

"நீங்களே எறங்கித்தான மாமா வாரீக." குரல் அடங்கிவிட்டது. "மறுபடியும் எதுவும் பிரச்சனையா? அம்மா சொல்லவே இல்லையே."

"நல்ல புள்ள" என்றார் சோலை நாற்காலியிலிருந்து. "மாமனப் பாத்துக் கத்துக்கிருச்சு."

ஆண்டிச்சாமிக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை நாள் அவன் தன் மானம் ஒன்றுதான் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

"பிரச்சன ஒண்ணும் இல்ல. நீ ஏறு."

"மொதல்ல நீங்க ஏறுங்க."

செருப்பைக் கீழே போட்டான். வாருக்குள் விரல் நுழையவே நேரமானது. ஏறி மிதித்தான். சோலையின் நாற்காலியைத் தாண்டினான். சோலை பேப்பரைப் பிரித்துக்கொண்டார். நாலு வார்த்தை வைதிருந்தாலாவது, பயந்ததற்கு ஒரு நியாயம் இருந்திருக்கும்.

தெருக்கடைசியில் நின்று திரும்பிப் பார்த்தான். முத்துமீனாவும் ஏறித்தான் போய்க்கொண்டிருந்தாள். ஆனால் மணி அடிக்கவில்லை.

வந்தவர்கள் வெறுங்காலோடு சுடுகிற மண்ணில் தத்தித் தத்தி வந்து சேர்ந்தார்கள். அதில் வயதான ஓர் அம்மாள் கேட்டாள், "ஆண்டி, தெய்வம் கோபித்துக்கொள்ளாதா?"

"இங்கே தெய்வம் எதுவும் இல்லை."

"அப்படியானால் நாங்கள் யாருக்காக இறங்கினோம்?"

சொன்னான். அப்பாவை, தெருவை, நாற்காலியை. இப்போது யாரும் இறங்கச் சொல்வதில்லை என்பதையும் சொன்னான். சரளமாக ஓடுகிற இங்கிலீஷ் அன்று துண்டுதுண்டாகத்தான் வந்தது. சொல்லி முடித்தான். அந்த அம்மாள் தெருக்கடைசிப் பாலக்கட்டையில் உட்கார்ந்து வெகுநேரம் ஷூ கயிற்றைக் கட்டினாள். அவன் முகத்தை யாரும் பார்க்கவில்லை. மதுரை வந்து சேரும்வரை யாரும் ஆண்டி என்று கூப்பிடவுமில்லை.

அது அவனுக்கு அப்போது பெரிதாகப் படவில்லை. சாயங்காலம் முத்துமீனா அந்தத் தெரு வழியாகத்தான் வீடு திரும்ப வேண்டும். ஏறி வருவாளா, இறங்கி வருவாளா? இரண்டு தடவை போனைக் கையில் எடுத்தான். அக்காவைக் கூப்பிட்டுக் கேட்க அவனுக்கு முகமில்லை.