கூட்டத் தலைமை: நகுலேஸ்வரி

1

"உன்ட கதையில ஆர் முதல்ல கதைக்கிற, புள்ள?"

இந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கதை வந்தது. கேட்டவர் நகுலேஸ்வரி அன்ரி. இடம், லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டுக் குசினி. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதிலிருந்து நான் ஒளித்து ஒளித்து எழுதுவதை அம்மாகூடக் கண்டுபிடிக்கவில்லை. இவர் வந்த மறுநாளே கண்டுபிடித்துவிட்டார். நான் கொப்பியை மூடினேன். எனக்கு ஆட்களோடு கதைக்க வராது. (உங்களோடு பரவாயில்லை. நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை.)

2

முதல் தொடக்கம்: "இலங்கையின் கிழக்குக் கரையில், அழகிய களப்பொன்றின் ஓரத்தில், பன்னெடுங்காலமாக வேடர்…"

நிறுத்திவிட்டேன். சுற்றுலா விளம்பரம் மாதிரி இருந்தது.

இரண்டாம் தொடக்கம்: "அரசின் பொருளாதார அபிவிருத்தி ஆலோசனைச் சபைத் தலைவர் திரு. இராஜேந்திரன் தொண்டையைச் செருமினார்."

அதையும் வெட்டினேன். அந்தச் சபையில் எல்லாமே அவர் செருமித்தான் தொடங்குமாம்.

நேராகவே சொல்கிறேன். அன்ரி கரையோர வேடர் சமூகத்தின் தலைவி. சபையில் பழங்குடியினருக்கென்று இருக்கும் ஒரே கதிரை அவருடையது. சபை லண்டன் தமிழரிடம் முதலீடு தேடி வந்திருந்தது. ஹோட்டல் அறை குளிர்கிறது என்று அன்ரி சொன்னாராம். பங்குக் கோயிலில் அதைக் கேள்விப்பட்டதும் அம்மா அவரை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்.

திட்டம் இதுதான்: அன்ரியின் ஆட்கள் மீன்பிடிக்கும் களப்பு கடலோடு சேரும் முகத்துவாரத்தில் ஓர் உல்லாச விடுதி. முகத்துவாரம் அடைபட்டால் மீனும் இல்லை, இறாலும் இல்லை, ஊரும் இல்லை.

"சபையில சொன்னீங்களோ அக்கா?" என்று அம்மா கேட்டார்.

"எங்க சொல்ல விடுறாங்க? மைக் என்னட்ட வரக்குள்ள எல்லாரும் சோறு திங்கப் போயிருவாங்க."

3

[இங்கே அன்ரியைச் சோகமாக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. அம்மாவின் பொரியலைப் பார்த்து "ஐஸில கிடந்த இறால், பாவம்" என்று சொல்லிவிட்டு மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டவர்.]

முதலீட்டுக் கூட்டம் ஹரோவில். அம்மாவும் நானும் கூடப் போனோம். மண்டப வாசலில் ஏற்பாட்டாளர் கஸ்பர் அண்ணை அன்ரியை மறித்தார்.

"வில்லு அம்பு கொண்டுவரேல்லையோ அம்மா? படத்துக்கு வடிவா இருந்திருக்கும்."

"நீங்க உங்கட பாட்டன்ட தலப்பாவக் கட்டிக்கொண்டு வரல்லியே, தம்பி?"

நம் கூட்டங்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அழைப்பிதழில் "தலைமை" என்று ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயருக்குரியவர் விளக்கேற்றுவார், பொன்னாடை வாங்குவார், நாலு வார்த்தை பேசுவார், பிறகு கடைசிவரை சும்மா இருப்பார். மரியாதைக்காக அன்ரியின் பெயரைப் போட்டிருந்தார்கள்.

அன்ரி அதை உண்மையென்றே எடுத்துக்கொண்டார். விளக்கேற்றினார். மைக்கை வாங்கினார். திருப்பிக் கொடுக்கவில்லை.

"ஹோட்டல் படம் பிறகு பாப்பம். முதல்ல கேள்வி. காசு போடுற ஆக்கள் கையத் தூக்குங்க, நான் கூப்பிடுறன்."

"அம்மா, நிகழ்ச்சி நிரல்படி…" என்று இராஜேந்திரன் எழுந்தார்.

"தலைவர் கூப்பிடாம எழும்பப்படாது, ஐயா. சபையில நீங்கதானே சொல்லித் தந்தீங்க."

மண்டபம் சிரித்தது. அவரும் கொஞ்சம் சிரித்தபடி உட்கார்ந்தார்.

முன்வரிசையிலிருந்து டாக்டர் கல்யாணசுந்தரம் கை தூக்கினார். மதுரைக்காரர். மேடையில் தொங்கிய களப்பின் வரைபடத்தில் விடுதி வரும் இடத்தைக் காட்டினார். "நான் ஒண்ணு கேக்குறேன். அந்த முகத்துவாரம் அடைஞ்சா அங்க மீன் பிடிக்கிறவங்க என்ன செய்வாங்க?"

"நல்ல கேள்வி. எனக்கு மறுமொழி தெரியும். ஐயா சொல்லட்டும்" என்றார் அன்ரி. "ஹோட்டல அங்கால தள்ளிக் கட்ட ஏலுமா, ஏலாதா?"

4

முடிவு அ: இராஜேந்திரன் மேசையில் அடித்துக் கத்துகிறார். (பொய். அவர் கெட்டவர் இல்லை. அன்ரியைக் கூட்டிவரப் போன அன்று அம்மாவுக்குக் கோட் போட உதவியவர்.)

முடிவு ஆ: "இடத்தை மாற்றுகிறோம்!" கைதட்டல். (எழுதும்போதே வெட்கமாக இருந்தது.)

முடிவு இ: பின்வரிசையிலிருந்து நான் எழுந்து… (சிரிக்காதீர்கள்.)

நான் பார்த்ததை மட்டும் தருகிறேன். ஒருவரும் காசைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. எல்லோரும் இராஜேந்திரனையே பார்த்தார்கள். அன்ரி மடியில் மைக்கை வைத்துக்கொண்டு கதிரையில் நன்றாகச் சாய்ந்தார். அத்தனை நிம்மதியான முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நாங்க இருக்கம், ஐயா. அவசரமில்ல."

இராஜேந்திரன் எழுந்து அந்த வரைபடத்தின் முன்னால் போய் நின்றார். முகத்துவாரத்தில் விரலை வைத்தார். விரல் கொஞ்சம் வடக்கே நகர்ந்தது, நின்றது. பிறகு வரைபடத்தைக் கழற்றிச் சுருட்டினார். மாற்றி வரையவா, மறைத்து வைக்கவா? அதை நீங்கள் எழுதுங்கள். எனக்கு இரண்டும் கைவரவில்லை.

சுருளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அன்ரிக்குத் தலையைக்கூட அசைக்காமல், கதிரைகளுக்கு நடுவே நடந்து அவர் வெளியே போனார்.