மோதாத கோப்பை

“என் தம்பி கிளாஸோட உங்க கிளாஸை மோதுங்க. இப்பவே, எல்லாரும் பாக்க.”

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். பாருயரின் சாப்பாட்டு மேசை முன்னால், பனி ஒட்டிய பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டேன்.

சனிக்கிழமை, இன்னும் சரியாக விடியவில்லை. பனிக்காலம் முழுக்க, மார்ச்சில் கால்பந்து லீக் மறுபடி தொடங்கும்வரை, எங்கள் ஊரான கும்ரியில் பாருயர் வீட்டில்தான் ஹாஷ் விருந்து. ராத்திரியெல்லாம் வெந்த மாட்டுக்கால் சாறு, நசுக்கிய பூண்டு, நொறுக்கிப்போட உலர்ந்த லவாஷ் ரொட்டி, வோட்கா. கிளப் அவருடையது. ஆட்டக்காரர்கள் வந்தே ஆகவேண்டும். பெண்களுக்கு அந்த மேசையில் இடமில்லை.

போன விருந்தில் பாருயர் எழுந்து, “நம்ம வாகானோட இடது முழங்காலுக்கு” என்று கோப்பையைத் தூக்கியிருக்கிறார். என் தம்பி தன் கோப்பையை நீட்டினான். அவர் மோதவில்லை. அப்படியே குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். மோதாமல் குடிப்பது செத்தவர்களுக்கு மட்டும்தான். இது எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும்.

அதற்கு முந்தின நாள்தான் வாகானைத் தனியாகக் கூப்பிட்டிருந்தார். லீக்கின் முதல் ஆட்டத்தில் பெனால்ட்டி கட்டத்துக்குள் ஒரே ஒரு தடவை எதிராளியின் காலை வாரிவிட வேண்டும். பந்தயக்காரர்களிடம் தோற்பதாகப் பேசியாகிவிட்டது. வாகான் பதில் சொல்லாமல் வந்துவிட்டான். அதற்குத்தான் அந்தக் கோப்பை.

“மறந்திருப்பார்டி” என்றாள் அம்மா, அன்றைக்கு வீட்டில். வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு, மறுபடி போய் இழுத்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நாம கேக்காத வரைக்கும் அது மறதி. கேட்டுட்டா மிரட்டல்னு ஆயிடும்.”

வாகான் விழுந்து சறுக்கிப் பந்தைப் பறிக்க மாட்டான். தடுப்பாட்டக்காரர்களில் அப்படி ஒருவனைப் பார்ப்பது அபூர்வம். பூகம்பத்துக்குப் பிறகு கொண்டுவந்து போட்ட தகரக் கூண்டு வீடுகளுக்கு நடுவே, உடைந்த தார்த்தரையில் ஆடிப் பழகியவன். அங்கே சறுக்கினால் தொடைத்தோல் தரையோடு போய்விடும். அதனால் நின்றபடியே எதிராளியின் இடுப்பைப் பார்த்துக் காத்திருப்பான். பந்து அந்த ஆளின் காலைவிட்டு ஒரு சாண் விலகினால் போதும், எடுத்துக்கொள்வான். அந்த நிதானம்தான் அவனைத் தேசிய இளையோர் அணிவரை கொண்டுபோனது. மால்டோவாவில் சோறு போட்டது. முழங்கால் தசைநார் கிழிந்து ஊருக்குத் திரும்பியவனை மறுபடி அணியில் சேர்க்க வைத்தது. அவன் கட்டத்துக்குள் விழுந்து ஒருத்தன் காலை வாரினால் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிற கிழவனுக்கும் விஷயம் புரிந்துவிடும். புரிந்தால் ஆயுள் தடை.

கால்பந்து சம்மேளனத்திலிருந்து ஒரு வெளிநாட்டு அதிகாரி ஒருமுறை கிளப்புக்கு வந்து, ஆட்டத்தை விற்பதைப் பற்றிப் பேசினார். மொழிபெயர்த்தது நான். “ஆட்டத்துக்கு முன்னாடி வந்து சொல்றவன் சாட்சி. ஆட்டம் முடிஞ்சு மாட்டுறவன் குற்றவாளி.” என் வாயாலேயே சொன்னேன். கிளப்பின் வெளிநாட்டுப் பேச்செல்லாம் என் வழியாகத்தான் போகும். எங்கள் வரிசைத் தகர வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். எனக்கு வேலை கொடுத்தது பாருயர் என்பதைக் கிளப் பஸ் ஓட்டுகிற அப்பா வாரம் தவறாமல் ஞாபகப்படுத்துவார். படித்தது நான். தேர்வு எழுதியது நான். நன்றிக்கடன் மட்டும் பாருயருக்காம்.

மேசையில் கோல்கீப்பர் ஸ்மபாத்தான் வாயைத் திறந்தான்.

“நாசெலி, ஆறிப்போன ஹாஷ் தொண்டையில ஒட்டும். அக்காமார் கோபமும் அப்படித்தான். எங்களைச் சாப்பிட விடு.”

யாரும் சிரிக்கவில்லை. அவன் ரொட்டியை நொறுக்க ஆரம்பித்தான்.

“உக்காரும்மா” என்றார் பாருயர். “பூண்டு போடட்டுமா?”

“கிளாஸை மோதுங்க.”

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு, கல்யாண வீட்டில் சிரிக்கிற மாதிரி. “மோதியாச்சேம்மா. இன்னைக்கு முதல் கிளாஸே உன் தம்பியோடதான். அவனையே கேளு.”

வாகான் கிண்ணத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வாரம் முழுக்க அவன் முழங்காலை நினைத்துத் தூங்காமல் கிடந்தேன். வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடினேன். இப்போது அதைவிட மோசம். மோதிவிட்டார் என்றால் இவன் ஒப்புக்கொண்டுவிட்டான்.

“ஒரே ஒரு தடவைதான்க்கா” என்றான் மெதுவாக. “கோடையில சைப்ரஸுக்கு அனுப்புறாரு. அந்த கிளப்புல பேசியாச்சாம்.”

“எந்த மொழியில பேசினாராம்?”

நிமிர்ந்து பார்த்தான்.

“வெளிநாட்டுலேர்ந்து போன் வந்தா எடுக்கறது யாரு, வாகான்? நான்தானே? சைப்ரஸ்லேர்ந்து ஒரு ஈ காக்காகூட உன்னைக் கேக்கல. நாளைக்கு ஒரு தடவை விழு. அடுத்த மாசம் இன்னொரு தடவைம்பார். அப்ப உன்னால மாட்டேன்னு சொல்ல முடியுமா?”

பயிற்சியாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாருயர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. புதுக் கோப்பை ஒன்றை எடுத்தார். விளிம்புவரை ஊற்றி என் பக்கம் தள்ளினார். தனக்கும் ஊற்றிக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்தால் எல்லாரும் எழ வேண்டும். எழுந்தார்கள்.

“நம்ம படிச்ச பொண்ணுக்கு” என்றார்.

என் கை தானாகக் கோப்பையை எடுத்து நீட்டியது. பழக்கம். அவர் கோப்பை என் கோப்பைக்கு விரல் அகலத்தில் வந்து நின்றது. என் முகத்தையே பார்த்தார். பிறகு கோப்பை அவர் உதட்டுக்குப் போனது.

பயிற்சியாளர் குடித்தார். மோதவில்லை. ஸ்மபாத்தும் குடித்தான். சின்ன வயதில் எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டவன். அவனும் மோதவில்லை. வாகான் மட்டும் குடிக்கவில்லை. நிரம்பிய கோப்பையோடு நின்றான். வோட்கா அவன் விரலில் வழிந்தது.

“வர்றியா?” என்று கேட்டேன். “ஆட்டம் நாளைக்குத்தான். இன்னும் நேரம் இருக்கு. நீயே வாயைத் திறந்து சொல்லிடலாம்.”

அவன் பாருயரைப் பார்த்தான்.

கோப்பையைக் குடிக்காமலே மேசைமேல் வைத்தேன். அந்த அதிகாரியின் எண் என் போனில் இருந்தது. இவன் வந்தாலும் வராவிட்டாலும் இன்றைக்கே சொல்லிவிடுவேன், இவன் பெயரையும் சேர்த்து. இனிமேல் இவன் ஆடுவானோ மாட்டானோ. அப்பா பஸ் ஓட்டுவாரோ மாட்டாரோ. இவன் முழங்காலுக்கு என்ன ஆகும், எனக்கு என்ன ஆகும், தெரியாது. ஆனாலும் சொல்லிவிடுவேன்.

“கதவை மெதுவா சாத்தும்மா” என்றார் பாருயர். “படியில ஐஸ் இருக்கு.”

பின்னால் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. தம்பியா, வேறு யாராவதா என்று திரும்பிப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தாமலே படியிறங்கினேன்.