விசிறிச் சத்தத்துக்குள்

கேமிங் லேப்டாப் எதைக் கொடுத்தாலும் அதன் குறையைக் கண்டுபிடிக்காமல் ஜீவராஜ் விடமாட்டான். இரத்தோட்டைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில், காம்பிரா எனும் ஒற்றை அறையிலிருந்து அவன் போடும் வீடியோக்களுக்குக் கொழும்பிலும் ஆள் இருந்தது. ஊர் லேப்டாப்பின் குறையெல்லாம் சொல்லுகிறவன், தன் குறையை மட்டும் மூன்று வாரமாக விழுங்கிக்கொண்டிருந்தான்.

பக்கத்துக் காம்பிரா ராசம்மா அக்கா பட்டப்பகலில் மூச்சிழுப்பு வந்து தனியாகச் செத்துப்போயிருந்தாள். இரண்டு காம்பிராவுக்கும் ஒரே சுவர். உடம்புக்கு ஏலாமல் போனால் சுவரில் மூன்று தட்டு. 'வர்றேன்' என்பதற்கு இந்தப் பக்கமிருந்து இரண்டு தட்டு. லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் இது.

"அம்மா தட்டினாங்களாண்ணே?" என்று செத்த வீட்டில் மகள் சந்திரகாந்தா கேட்டாள்.

"இல்ல தங்கச்சி, தட்டவே இல்ல."

உண்மையில் அவனுக்குத் தெரியாது. அந்த நேரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு தடித்த லேப்டாப்பைச் சோதித்துக்கொண்டிருந்தான். அவள் தட்டினாளா இல்லையா என்ற கேள்வி அன்றிலிருந்து அவனைச் சோறு தின்னவிடவில்லை.

இன்று மாத்தளைக் கடைக்காரர் முஸம்மில் நானா ஒரு மெல்லிய லேப்டாப்பை அனுப்பியிருந்தார். அதை அன்றைய தடியனோடு ஒப்பிட வேண்டும். தடியன் கேமில் நொடிக்கு நூற்று நாற்பது பிரேம் ஓடினான். மெல்லியது நூற்றுப்பத்துக்கே மூச்சு வாங்கியது. ஆனால் தடியனை வைத்திருப்பது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. செங்கல் பருமனில் சார்ஜர், ஒரு மணி நேரத்தில் படுத்துவிடும் பேட்டரி, விரலைச் சுடும் விசைப்பலகை. போதாததற்கு ஐம்பத்துநாலு டெசிபெல்லில் இரையும் விசிறி. வேகம் வேண்டுமா, காது வேண்டுமா என்று பார்ப்பவர்களைக் கேட்கலாம் என்று நினைத்தான்.

அதற்கு அன்றைய ஒலிப்பதிவு தேவைப்பட்டது. மூன்று வாரமாகத் தொடாத கோப்பைத் திறந்து, விசிறியின் இரைச்சலை மட்டும் மென்பொருளால் பிரித்தெடுத்தான். மீதியை அழித்திருக்கலாம். மனம் கேட்கவில்லை, போட்டுக் கேட்டான்.

மூன்று தட்டு. சுவருக்கு அப்பாலிருந்து, விரல் முட்டியால். கொஞ்சம் பொறுத்து மறுபடி மூன்று. மூன்றாவது முறை இரண்டோடு கை சோர்ந்துவிட்டது. ஜீவராஜ் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

அதற்குப் பிறகும் இரண்டு தட்டு கேட்டது.

கனமாக, நிதானமாக, மைக்குக்கு ஒரு முழம் பக்கத்தில். அவனுடைய காம்பிராவுக்குள். அதன்பின் ராசம்மா அக்கா தட்டவேயில்லை.

அன்றைய வீடியோவில் அதே நொடியைத் தேடினான். மேலேயிருந்து எடுத்த படம். அவனுடைய இடது கை விசைப்பலகையில், வலது கை மவுஸில். அன்று கதவை உள்ளே தாழிட்டவனும் அவன்தான். மேசைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பூனை நிற்கத்தான் இடமிருந்தது. வெளியே நல்ல வெயில். ஆனாலும் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்ட அவனுக்குப் பயமாக இருந்தது. பக்கவாட்டாகவே நடந்து வெளியே வந்தான்.

பக்கத்துக் காம்பிராவில் சந்திரகாந்தா தாயின் சேலைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, நான் பொய் சொல்லிட்டேன். அம்மா தட்டியிருக்காங்க. எனக்குக் கேக்கல."

அவள் முடிச்சைப் பாதியில் விட்டாள். ஏசுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் குரல் உயரவேயில்லை.

"கேட்டிருக்குண்ணே. நீங்க பதிலும் தட்டியிருக்கீங்க. அம்மா பகல்லகூட கதவுக்குக் கொண்டி போடாம இருக்க மாட்டாங்க. நாங்க வந்து பாக்குறப்ப கொண்டி கழட்டி இருந்துச்சு. கதவ தொறந்து வச்சிட்டு, வாசலப் பாத்தபடி உக்காந்திருந்தாங்க. வர்றேன்னு சொல்லிட்டு ஏண்ணே வராம இருந்தீங்க?"

"நான் தட்டல, தங்கச்சி."

அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமலே பஸ்ஸுக்கு இறங்கிப் போனாள்.