கழிக்கப்பட்ட அறுபது பேர்

என் அண்ணி கணக்கில் புலி. அவரே அடிக்கடி சொல்வதால் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இதில் சந்தேகம் கிடையாது.

அண்ணன் அண்ணியின் இருபத்தைந்தாவது திருமண நாள் விருந்துக்கு முந்நூறு பேர். கேக் என் பொறுப்பு. அதுவரை பத்துப் பன்னிரண்டு பேர் கூடும் பிறந்தநாளுக்குத்தான் வீட்டிலிருந்து கேக் செய்து கொடுத்திருக்கிறேன். மண்டப மேலாளர் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். "முந்நூறு பேருக்கும் கிடைச்சுட்டா இனிமே இங்க எல்லா விசேஷத்துக்கும் நீங்கதாம்மா. ஒருத்தர் வெறும் தட்டோட நின்னாலும் இந்தப் பக்கம் வராதீங்க." அந்த வேலை எனக்கு வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பவே வேண்டும்.

ஆளுக்கு ஒரு இன்ச் அகலம், இரண்டு இன்ச் நீளம் என்று ஒரு துண்டு வெட்டிக் காட்டினேன். அண்ணி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன, அழிக்கிற ரப்பரா? சரி, முந்நூறு எதுக்கு? அறுபது பேருக்குச் சுகர். இருநூத்தி நாப்பது போதும்."

மாலையில் அண்ணன் போன் செய்தார். "இருநூத்தி நாப்பதா? அதுல சுகர்காரங்களே அறுபது பேர் இருப்பாங்கம்மா. நூத்தி எம்பது செய்."

மறுநாள் அண்ணியின் தம்பி. மண்டப ஏற்பாடெல்லாம் அவர் தலைமையில்தான். "சுகர் கேஸ் அறுபதைக் கழிச்சுட்டேன். நூத்தி இருபது."

அண்ணியிடம் ஓடினேன். "அதே அறுபது பேரை மூணு தடவை கழிச்சிருக்கீங்க அண்ணி!"

"சுகர் என்ன, குறையவா செய்யுது? கூடிக்கிட்டேதானே போகுது? சொன்னதைச் செய்."

இதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம். அவர் சொன்ன நூற்றிருபதுக்கு மூன்று அடுக்கில், ரோஜாவெல்லாம் வைத்து ஒரு கேக் செய்தேன். மீதி நூற்றெண்பதை, அலங்காரம் ஏதுமில்லாத நான்கு மொட்டைக் கேக்குகளாகச் செய்து மண்டபச் சமையலறையில் ஒளித்துவைத்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

விருந்தன்று அண்ணனும் அண்ணியும் போட்டோவுக்கு வெட்டி முடித்ததும் கேக்கை உள்ளே கொண்டுபோய், கத்தியை யாரிடமும் கொடுக்காமல் நானே துண்டு போட்டேன். வரிசையில் முதலில் நின்றது யார்? கழிக்கப்பட்ட அதே அறுபது பேர்தான். "இன்னைக்கு ஒரு நாள்தானே" என்றார் ஒருவர். இன்னொருவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டே வந்திருந்தார். நூற்று இருபத்தோராவது தட்டிலிருந்து மொட்டைக் கேக் போனது. யாரும் கவனிக்கவில்லை. கடைசி ஆள் வரைக்கும் கிடைத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மேலாளர் பூரித்துப்போய் வந்தார். "ஒருத்தர் விடாம எல்லாருக்கும் வந்துடுச்சே! கணக்குப் போட்டது யாரு?"

நான் கையைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டார். "நான்தான். நூத்தி இருபது துண்டுக்குத்தான் செய்யச் சொன்னேன். முந்நூறு பேர் சாப்பிட்டாச்சு, பாத்தீங்களா?"

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஆனால் அத்தனை விருந்தாளிகள் நடுவில், அவர் விசேஷ நாளில், எப்படிச் சொல்வது?

"அடுத்த மாசம் ஆர்டர் உங்களுக்குத்தாம்மா" என்றார் மேலாளர் என்னைப் பார்த்து. "ஐந்நூறு பேர்!"

துள்ளிக் குதிக்காத குறைதான்.

"உங்க அண்ணிகிட்ட கேட்டுட்டேன். இருநூறு துண்டு போதுமாம். இனிமே கணக்கெல்லாம் அவங்களே பாத்துக்கறாங்களாம்."

மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். நூற்றிருபது முந்நூறு பேருக்கு என்றால், இருநூறு ஐந்நூறு பேருக்கு. வாழ்க்கையில் முதல் முறையாக அண்ணியின் கணக்கு சரியாக இருந்தது.